உலை இல்லாத உலைக்கூடம்

தலைநகர் கோலாலம்பூருக்குத் தெற்கே, பாங்கியில் இருக்கும் நம் மலேசியாவின் ஆராய்ச்சி அணு உலை 1982 ஜூன் 28-இல் முதல் தொடர்வினையைத் தொடங்கியது. 1 மெகாவாட் திறன், டிரிகா வகை, ஆழமான தண்ணீர்த் தொட்டியின் அடியில் நீல ஒளி. அது உயிரோடு இருக்கும் உலை. ஓய்ந்துபோன உலையைப் படமெடுக்க ஆசைப்படும் கோலாலம்பூர்க்காரர்கள் கடல் கடந்துதான் ஆகவேண்டும். எங்கள் பரிந்துரை ஸ்டாக்ஹோமில் உள்ள ஆர்1.

சுவீடனின் முதல் அணு உலை அது. 1954 ஜூலை 13-இல் தொடங்கி 1970 ஜூன் 6-இல் நிறுத்தப்பட்டது. நகரின் நடுவே, தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்கு 25 மீட்டர் கீழே, பாறையைக் குடைந்து அமைத்தார்கள். செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தால் ஓடியது. அதனால்தான் நியூட்ரான்களை அதிகம் விழுங்காமல் வேகம் குறைக்கும் கனநீர் தேவைப்பட்டது, நார்வே கொடுத்தது. பின்னாளில் அனைத்துலக அணுசக்தி முகமையின் தலைமை இயக்குநராக 20 ஆண்டுகள் இருந்த சிக்வார்ட் எக்லுண்ட் இந்த உலையைக் கட்டும் பணிக்குத் தலைமை வகித்தவர். 1980களின் தொடக்கத்தில் உலையைப் பிரித்து அகற்றிவிட்டார்கள். மிஞ்சியது குகை மண்டபமும் உலை நின்ற பள்ளமும். இன்று அங்கே இசையும் நாடகமும் நடக்கின்றன.

ஆக, நீங்கள் எடுக்கப் போவது உலையை அல்ல, அது இருந்த வெற்றிடத்தை. சிதம்பரத்தில் திரை விலகினால் வெறும் வெளி தெரிகிறதே, அதைப்போல. இது பிடிபடாதவர்கள் மின்கம்பி, குழாய், மானி என்று விவரங்களைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள். மண்டபத்தின் அளவு அவர்கள் படத்தில் வராது.

அருங்காட்சியகம் போலத் தினமும் திறந்திருக்கும் இடமல்ல. பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதி, நாளும் நேரமும் உறுதியான பிறகு டிக்கெட் வாங்குங்கள். கடிதத்திலேயே இரண்டு விஷயம் கேளுங்கள்: டிரைபாட் வைக்கலாமா, வண்ண மேடை விளக்குகளை அணைத்து வேலை விளக்குகளை மட்டும் எரியவிடுவார்களா? இரண்டாவது மிக முக்கியம். சிவப்பும் நீலமும் விழுந்த பாறையிலிருந்து பாறையின் சொந்த நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள்வரை விசா வேண்டாம். டிசம்பரில் அங்கே பகல் ஆறு மணி நேரம்தான். நிலத்தடிப் படத்துக்கு அது பொருட்டே இல்லை. மத்திய நிலையத்திலிருந்து சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் டெக்னிஸ்கா ஹோக்ஸ்கோலன், அதுதான் பல்கலைக்கழகத்துக்கான நிறுத்தம். அந்த மெட்ரோ நிலையத்தையே ஓர் அரை மணி நேரம் பாருங்கள்: 1973-இல் லென்னார்ட் மோர்க் அமைத்த ஐந்து சீர்பன்முகிகள் (எல்லா முகங்களும் ஒரே மாதிரியான திண்ம வடிவங்கள்) அங்கே இருக்கின்றன.

குளிர்காலத்தில் முதலில் சொதப்புவது லென்ஸ். ஏர்கான் காரிலிருந்து பத்துமலையில் இறங்கியதும் லென்ஸ் பனிப்பது நமக்குப் பழகியதுதான். அங்கேயும் அதே கதை: உறைந்த தெருவிலிருந்து கதகதப்பான கட்டடத்துக்குள் போகிறீர்கள். வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, உள்ளே போய் அரை மணி நேரமாவது பிரிக்காமல் வையுங்கள். துடைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும்வரை ஈரம் திரும்பத் திரும்பப் படியும்.

உள்ளே, ஐஎஸ்ஓ 64 அல்லது 100, எஃப்/8, ஷட்டர் பெரும்பாலும் 4 முதல் 30 விநாடி. எஃப்/16-க்குப் போகவேண்டாம், 45 மெகாபிக்சல் சென்சாரில், சிறிய துளை வழியே ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் பாறையின் சொரசொரப்பு மழுங்கும். விளக்கு பிரேமுக்குள் வந்தால் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) இடைவெளியில் மூன்று படம் எடுங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். டார்ச்சை ஒரு விளிம்பில் அடித்து, லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்துவிட்டு டார்ச்சை அணையுங்கள்.

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் சுவர்கள் மேலே கூம்பும், மண்டபம் குடிசையாகத் தெரியும். கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய 24 மில்லிமீட்டர் ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் 16 அல்லது 18 மில்லிமீட்டரில் கேமராவை மட்டமாக வைத்து எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள்.

இரும்புப் படியிலோ இரும்புத் தளத்திலோ டிரைபாட் வைத்தால், பத்தடி தள்ளி ஒருவர் நடந்தாலும் படம் அதிரும். துணைக்கு வந்தவர்கள் ஷட்டர் மூடும்வரை அசையாமல் நிற்கட்டும். டிரைபாடில் இருக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவதும், ரிமோட்டோ இரண்டு விநாடி டைமரோ வைப்பதும் நல்லது. நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தைப் போட்டால் 2 நிமிடப் படம் 4 நிமிடம் தின்னும். ஒரு மணி நேர அனுமதியில் பத்துக் கோணங்களுக்கு மேல் கிடைக்காது. கோணங்களை முன்பே காகிதத்தில் வரைந்துகொண்டு போங்கள்.

பள்ளத்தின் விளிம்பில் ஒருவரை நிறுத்தி எடுத்த படம்தான் எங்கள் கணிப்பில் சிறந்தது. ஆள் இல்லாமல் அந்த ஆழத்துக்கு அளவே இல்லை. முகம் தெரியவேண்டாம், முதுகு போதும். 15 விநாடி அசையாமல் நிற்கக் கூடியவராக இருக்கவேண்டும்.

'கதிரியக்கம்' தெரியவேண்டும் என்று பச்சை ஒளி சேர்ப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடே இல்லை. உயிருள்ள உலையின் தண்ணீரில் ஒளிர்வது செரன்கோவ் நீலம். இங்கே அதுவும் இல்லை. சாம்பல் பாறையைச் சாம்பலாகவே விடுங்கள்.

ஊரிலேயே ஒத்திகைக்குப் பத்துமலையின் பெரிய குகை போதும். 272 படி ஏறி, கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே போனால், மேல்திறப்பின் வெளிச்சத்தையும் அடிச்சுவரின் இருளையும் ஒரே படத்தில் அடக்கப் பழகலாம். டிரைபாட் விரிக்கும் முன் கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிரிண்ட் போடும்போது திரையில் தெரிவதைவிட அரை ஸ்டாப் வெளிச்சமாக்குங்கள். மேட் தாளில் இருள் ஒரே கட்டியாகிவிடும். இந்தப் படங்களுக்குப் பேரியம் சல்பேட் பூசிய பரைட்டா தாளே பொருத்தம். நம்மூர் ஈரப்பதத்தில் தாள் அலைபாயும் என்பதால், சட்டகக் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம் வேண்டும். ஒட்டினால் பிரிக்கும்போது கருமை உரிந்து வந்துவிடும்.