இன்னொரு எண்ணிக்கை எடு

1960-களின் கடைசியில் எனக்கு ஓர் ஆய்வு அணு உலையில் வேலை கிடைத்தது. ஊருக்குக் கடிதம் போட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டாளாம்: "பி.எஸ்ஸி. படிச்சவனுக்கு உலை வைக்கிற வேலையா?" தெருவே சிரித்திருக்கிறது. நானும் லீவில் போனபோது சிரித்தேன். அம்மா அப்படியொன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை என்று புரிய ஒரு வருஷம் ஆனது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான் எங்கள் வேலையில் பாதி.

எந்த உலை, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. சொல்லப் போகும் தப்பு என்னுடையது. அதற்கு இடத்தின் பெயர் எதற்கு?

உலையின் எரிபொருள் அமைப்பை மாற்றினால், மறுபடி அதைக் கிரிட்டிக்கல் நிலைக்கு, அதாவது அணுப்பிளவு தானே தொடர்ந்து நடக்கும் நிலைக்குக் கொண்டுவருவது ஒரு நாள் வேலை, சில சமயம் இரண்டு நாள் வேலை. எரிபொருள் கட்டு ஒன்றை உள்ளே இறக்குவோம். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை மெல்ல உயர்த்துவோம். நிறுத்திவிட்டு நியூட்ரான்களை எண்ணுவோம். முதலில் நிமிஷத்துக்கு 100 வந்தது, அடுத்த கட்டு போட்டதும் 200 என்றால், விகிதத்தைத் தலைகீழாக்கி கிராஃப் தாளில் பாதி உயரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். 400 என்றால் கால் உயரம். புள்ளிகளைச் சேர்த்து இழுத்த கோடு அடிக்கோட்டை எங்கே தொடுமோ, அத்தனை கட்டு போட்டதும் உலை தானே தொடர்ந்து ஓடத் தொடங்கும். ஒரு பென்சில், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்டாப்வாட்ச், இவ்வளவுதான். கணிப்பொறியெல்லாம் அப்போது எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு வரவில்லை.

அன்று எனக்குப் பசி. கேன்டீனில் பத்தரைக்கு மேல் வடை இருக்காது. கோல் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு நிமிஷம் எண்ணி, புள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். ஷிஃப்ட் பொறுப்பாளர் பின்னால் நின்றிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "இன்னொரு எண்ணிக்கை எடு" என்றார். எடுத்தேன், கூட வந்தது. "இன்னொண்ணு." இன்னும் கூட வந்தது. ஐந்தாவது ஆறாவது முறைதான் எண் ஒரு இடத்தில் நின்றது. என் பழைய புள்ளியை ரப்பரால் அழிக்க விடவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பக்கத்தில் புதுப் புள்ளியை வைக்கச் சொன்னார்.

தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் அதில் விஷயம். அவசரப்பட்டு எண்ணினால் எண்ணிக்கை குறைவாக வரும். குறைவாக வந்தால் புள்ளி மேலே ஏறும், கோடு அடிக்கோட்டைத் தள்ளிப் போய்த் தொடும். அதாவது, இன்னும் இரண்டு மூன்று கட்டு போட இடமிருக்கிறது என்று தாள் சொல்லும். உலையோ அடுத்த கட்டுக்கே தயாராக இருக்கும். அன்று ஒன்றும் நடந்திருக்காது. எல்லை மீறினால் கோல்கள் தானாக விழும்படி மூன்று நான்கு ஏற்பாடுகள் இருந்தன. ஆனாலும், பத்திரமான பக்கத்துக்குத் தப்பு செய்வது வேறு, இது வேறு.

ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை அவர் கேன்டீன் மேசையில்தான் சொன்னார். வடை தீர்ந்துவிட்டது, வெறும் டீ. யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை அந்தக் கணமே வெளியே வந்துவிடும். ஆயிரத்துக்கு ஆறேழு மட்டும் தாமதமாக வரும். பிளவில் பிறந்த சில அணுக்கள் கொஞ்ச காலம் இருந்து சிதைந்த பிறகே அவற்றை விடும். அவற்றில் ரொம்பச் சோம்பேறி புரோமின்-87. அதன் அரை ஆயுள் சுமார் 55 விநாடி. இந்த ஆறேழு பேர் வந்து சேராமல் கணக்கு முடியாது. உலை கிரிட்டிக்கலை நெருங்க நெருங்க, நியூட்ரான்களின் ஒரு தலைமுறை அடுத்ததைப் பெற்று, அது இன்னொன்றைப் பெற்று, நிலைக்கு வர இன்னும் நேரமாகும். இரண்டாவது கட்டுக்குப் போதிய நேரம் பத்தாவது கட்டுக்குப் போதாது. நான் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுத்திருந்தேன்.

அப்போது எரிச்சலாக இருந்தது. இரவு தாளை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாமத நியூட்ரான்களே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுறைக்கு ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஒரே விநாடியில் திறன் இருபதாயிரம் மடங்கைத் தாண்டிவிடும். எந்த மனிதக் கை கோலை இறக்கும்? அந்தச் சோம்பேறிகள் இருப்பதால், அதே அளவு கூடினாலும் இரட்டிப்பாகவே அரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோய் கோலை இறக்கலாம்.

பிறகுதான் இயற்பியலாளர் ஃபெர்மியின் கதை எனக்கு வேறு மாதிரி படிந்தது. 1942 டிசம்பர் 2, சிகாகோ. விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் கிராஃபைட்டும் யுரேனியமும் அடுக்கிய முதல் உலை. காலையிலிருந்து கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, எண்ணி, ஃபெர்மி ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். கோல் தானாக விழ வேண்டிய எல்லையைத் தாழ்வாக வைத்திருந்ததால் பாதுகாப்புக் கோல் ஒன்று தடாலென்று விழுந்தது. எல்லோரும் உச்சகட்டப் பதற்றத்தில் இருந்தபோது அவர் சாப்பிடப் போகலாம் என்றாராம். கோல்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள், வந்தார்கள், பிற்பகலில் உலை ஓடியது. கிடைத்த திறன் அரை வாட். சரித்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். நான் வடைக்காகப் புள்ளியை அவசரமாக வைத்தேன்.

நம் நாட்டின் முதல் அணு உலையான அப்சராவையும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். மும்பையின் டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை, பிற்பகல் 3:45. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது, மற்றதை இங்கேயே கட்டினார்கள், அதுவும் ஒன்றரை வருஷத்துக்குள். அடுத்த ஜனவரி 20 அன்று நேரு திறந்து வைத்து, குளத்து நீருக்குள் தெரிந்த நீல ஒளியைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். எல்லாக் கட்டுரையிலும் அந்த நீலம்தான் வரும். அழகுதான், மறுக்கவில்லை. நீரில் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சி எலக்ட்ரான்கள் பாய்வதால் வரும் செரன்கோவ் ஒளி அது. ஆனால் அந்த ஆகஸ்ட் மழைக்கால மதியத்தில் அது தெரிந்திருக்காது. முதல்முறை கிரிட்டிக்கல் ஆகும்போது திறன் மிக மிகக் குறைவு. தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்திருக்கும். அன்று அங்கே நின்றவர்களுக்குக் கிடைத்தது, கோலை அசைக்காமலே மெதுவாக ஏறிக்கொண்டு போகும் ஒரு எண்ணிக்கை மட்டும்தான்.

உலையை நிறுத்துவதிலும் அவசரம் செல்லாது. கோல்கள் விழுந்ததும் திறன் சட்டென்று சரியும். அப்புறம் எத்தனை கோல் உள்ளே போனாலும் சரி, எண்பது விநாடிக்கு ஒரு முறை, முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும் என்ற கணக்கில்தான் இறங்கும், அதைவிட வேகமாக இறங்காது. பொத்தானை அழுத்திவிட்டு நாங்கள் பையை எடுப்போம். பொறுப்பாளர் மட்டும் ரிக்கார்டர் பேனாவைப் பார்த்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பஸ் போய்விடுமே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"புரோமின் போகட்டும்பா" என்றார்.