தார்ப் பாலைவனம்: மணல்மேட்டுக்கு ஒரு மாலை போதும்

ஜெய்சல்மேரை அடுத்த சாம் மணல்மேட்டில் ஜீப்காரர் ஒருவர் எங்களிடம் 3,000 ரூபாய் கேட்டார். ஏறும்போது வண்டிக்கு 1,000 என்று பேசியவர், இறங்கும்போது அது தலைக்கு என்றார். நாங்கள் மூன்று பேர். உடன் வந்த பேர்ணாம்பட்டு நண்பருக்கு உருது தாய்மொழியாக இருந்ததால், அரை மணி நேர வாக்குவாதத்திற்குப் பின் ஜீப்காரர் 1,500க்கு இறங்கி வந்தார். "மாமா, இந்தப் பணத்துக்கு ஆம்பூரில் எத்தனை பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்" என்று மச்சான் வழிநெடுகப் புலம்பிக்கொண்டே வந்தான்.

வேலூரிலிருந்து சொந்தக் காரை அவ்வளவு தொலைவு ஓட்டிச் செல்வது எரிபொருளுக்கும் முதுகுக்கும் கேடு. சென்னையிலிருந்து விமானத்தில் அகமதாபாத் போய் அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே சரி. முதலில் பார்க்க வேண்டியது, அங்கிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், தசாடா பக்கமாக நுழையும், சிறிய ரண் என்னும் உப்புநிலத்தில் உள்ள காட்டுக்கழுதைச் சரணாலயம். 1973இல் அமைக்கப்பட்டு 4,954 ச.கி.மீ. பரந்துள்ள இந்த நிலம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். பின்னர் வற்றி, கோடையில் நம் பாலாறு கிடப்பதுபோல வெடித்துக் கிடக்கும். மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் ஓடக்கூடிய காட்டுக்கழுதைக் கூட்டம் அந்த வெட்டவெளியில் புழுதி கிளப்பிப் பாய்ந்ததைக் கண்டபோது, கழுதை என்று ஏளனமாகப் பேசிவந்த மச்சானே வாயடைத்துப் போனான்.

அங்கிருந்து பார்மர் வழியாக ஜெய்சல்மேர் வரையிலான நீண்ட சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வழியில் ஒரு சிறு உணவகத்தில் கிடைத்த சாப்பாட்டைத் தவிர. கம்பு ரொட்டியும் நெய்யும், அவற்றோடு கேர் சாங்க்ரி என்னும் பொரியலும் வைத்தார்கள். சாங்க்ரி என்பது, நம்மூர்க் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நாம் வலம்வரும் அதே வன்னி மரத்தின் காய். உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் சமைக்கிறார்கள். புளிப்பும் காரமுமாக இருந்த அந்தப் பொரியலை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டும், பயணத்திலேயே மிகக் குறைந்த செலவு அன்றைய மதிய உணவுதான்.

ஜெய்சல்மேர், பார்மர் மாவட்டங்களில் 3,162 ச.கி.மீ. பரந்துள்ள பாலைவன தேசியப் பூங்கா, பெயரில்தான் தேசியப் பூங்கா. சட்டப்படி அது வனவிலங்குச் சரணாலயம். அதில் மணல்மேடுகள் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே, மீதி புல்வெளியும் பாறையும் புதருமாக இருக்கின்றன. பெரும்பாலான பயணிகளோ அந்த ஒரு பங்கிலேயே ஒட்டகத்தையும் ஒலிபெருக்கிப் பாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் சுதாசரி புல்வெளியில் அதிகாலையில் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து இரண்டு கானமயில்கள் தொலைவில் நடந்து போயின. ஆண் பறவை 15 கிலோ வரை எடை கொண்டது. பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தாலும் முன்பக்கப் பார்வை குறைவு என்பதால், பறக்கும்போது மின்கம்பிகளில் மோதி இறந்துவிடுகிறது. எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்ல ஆணையிட்டு, 2024இல் அதைத் தளர்த்தியது. காற்றாலைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே காரில் போய்வந்த பிறகு, அந்தத் தளர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

செலவை ஒழுங்காகப் பட்டியலிட நினைத்திருந்தேன், இடம் போய்விட்டது. சாமில் உள்ள கூடாரங்களில் தங்காமல் ஜெய்சல்மேர் ஊருக்குள் தங்கினால் பணம் மிச்சமாகும், தூக்கமும் வரும். சாம் அங்கிருந்து 40 கி.மீ.தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள் சூட்டை நினைத்து மெல்லிய சட்டைகளை மட்டும் எடுத்துச் சென்றால் இரவுக் குளிரில் நடுங்குவார்கள். பாகிஸ்தான் எல்லையருகே உள்ள தனோட் வரை போக விரும்புவோர் ஜெய்சல்மேரிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, தண்ணீரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.