தெருவுக்கு முதுகு காட்டும் வீடுகள்

வாஷிங்டன் போகிறவர்கள் வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், லிங்கனைப் பார்ப்பார்கள், அருங்காட்சியகங்களில் கால் வலிக்கச் சுற்றுவார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் உட்கார்ந்து அது முடிகிற இடம் வரை போக யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தக் கடைசி நிலையம் கிரீன்பெல்ட். மேரிலாந்து மாநிலத்தில், இருபத்தைந்தாயிரம் பேர்கூட இல்லாத சின்ன நகரம். சித்தி மகன் அங்கே குடியிருப்பதால் நான் போனேன்.

நிலையத்தில் இறங்கினால் ஊர் கண்ணில் படாது. பெரிய கார் நிறுத்துமிடமும் வாஷிங்டனைச் சுற்றி ஓடும் நெடுஞ்சாலையின் இரைச்சலும்தான் வரவேற்கும். பேருந்து பிடித்துப் பழைய கிரீன்பெல்ட்டுக்குள் நுழைந்ததும் மரங்கள் அடர்ந்துவிடுகின்றன. பிறை வடிவில் வளையும் சாலை, அதையொட்டி வரிசை வீடுகள். சில செங்கல், சில வெள்ளையடித்த மொட்டைமாடிக் கட்டடங்கள். ஒன்றுக்கும் வாசல் இருப்பதாகத் தெரியவில்லை.

"தெருப் பக்கம் வாசலைத் தேடாதீங்க அக்கா. இது கொல்லை" என்றான் தம்பி.

குப்பைத்தொட்டி, சமையலறைக் கதவு, துணி காயும் கொடி எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கின்றன. கூடமும் பூச்செடிகளும் உள்பக்கம். அங்கே காரே வராது, நடைபாதை மட்டும். அந்தப் பாதையில் நடந்தால், சாலை குறுக்கிடும் இடத்தில் அதன் அடியிலேயே சுரங்கவழி வந்துவிடுகிறது. அப்படியே கடைவீதி, பள்ளி, நூலகம் என்று போய்ச் சேரலாம். பாலாடைக் கட்டி வாங்கக்கூடக் கார் எடுக்கிற நாட்டில், ஆறு வயதுப் பிள்ளை தனியாக நடந்து போய் வரட்டும் என்று எண்ணி ஒரு ஊரையே வரைந்திருக்கிறார்கள்.

வரைந்தது அரசாங்கம். பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1935-ல், ரூஸ்வெல்ட் ஆட்சியில் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தலைமையிலான துறை இந்த வேலையைத் தொடங்கியது. வேலையிழந்தவர்களுக்குக் கூலி, நெருக்கடியில் வாழ்ந்தவர்களுக்கு வீடு, இரண்டும் ஒரே திட்டத்தில். இன்று வாத்துகள் நீந்தும் ஏரி அந்தக் கூலியாட்கள் வெட்டியதுதான். ஒஹாயோவில் கிரீன்ஹில்ஸ், விஸ்கான்சினில் கிரீன்டேல் என்று கூடவே இன்னும் இரண்டு ஊர்கள் எழுந்தன. 1937 இலையுதிர் காலத்தில் இங்கே முதல் குடும்பங்கள் குடியேறின. 885 வீடுகள், கேட்டவர்கள் 5,000 பேருக்கு மேல்.

யாருக்கு வீடு கொடுத்தார்கள் என்பதை அறிய, கிரெசன்ட் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் 10-பி வீட்டுக்குள் போகவேண்டும். சின்ன அறைகள். அந்த அறைகளுக்கென்றே அரசு வடிவமைத்த நாற்காலிகளும் அலமாரிகளும். நம்மூர் அரசுக் குடியிருப்பைப் பார்த்தவர்கள் பொறாமைப்படுகிற அளவுக்கு நல்ல வேலைப்பாடு. சுற்றிக்காட்டிய வெள்ளைமுடிப் பாட்டி நிதானமாக விதிகளை அடுக்கினார். வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. மனைவி வேலைக்குப் போகக்கூடாது. மதவாரியாக எத்தனை குடும்பம் என்பதற்கும் கணக்கு. கடைசியாக, குரலை மாற்றாமல், "கறுப்பர்களுக்கு இடமில்லை" என்றார். ஊரைக் கட்டிய கூலிகளில் கறுப்பர்கள் இருந்தார்கள். குடியேறியவர்களில் ஒருவர்கூட இல்லை.

பள்ளியாக இருந்து இப்போது சமூகக்கூடமாகிவிட்ட கட்டடத்தின் முகப்பில் அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரை வரிகளைச் சுண்ணாம்புக் கல்லில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார் லெனோர் தாமஸ். உழைப்பாளிகளின் தடித்த கைகளும் குனிந்த முதுகுகளும் அருமை. 'நீதியை நிலைநாட்ட' என்ற வரிக்கான சிற்பமும் உண்டு. பாட்டி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்ததால் அதன் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். இன்று நகர மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கறுப்பர்கள். 2021 நவம்பரில், கறுப்பர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் இழப்பீடு தருவதுபற்றி ஆராய 21 பேர் குழு அமைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தி, 'ஆம்' என்று முடிவு செய்திருக்கிறார்கள். பணம் கைக்கு வருமா என்பது வேறு கதை.

1952-ல் அரசு இந்த வீடுகளை விற்றபோது, குடியிருந்தவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பெரும்பகுதியை வாங்கிக்கொண்டார்கள். இன்றும் அந்தச் சங்க வீடுகள் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. சங்கத்தில் உறுப்பினராகி, குடியிருக்கும் உரிமையை வாங்கவேண்டும். மளிகைக் கடை கூட்டுறவு, மழலையர் பள்ளி கூட்டுறவு. கூட்டுறவு என்றால் நமக்கு நகைக்கடனும் ரேஷன் வரிசையும். இங்கே அதில் மாலையில் பாட்டுக் கச்சேரி நடக்கும் நியூ டீல் கஃபேயும் சேர்த்தி. இதற்காக வாங்கிய வசவுகளும் உண்டு. கட்டும்போதே 'கம்யூனிச ஊர்' என்று எதிர்க்கட்சியினர் முழங்கினார்கள். 1953-ல், கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த ஆபிரஹாம் சாசனோ என்ற கிரீன்பெல்ட்வாசியைத் தீவிர இடதுசாரிகளோடு தொடர்புடையவர் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் அவர் பக்கம் நின்றார்கள். மறு ஆண்டு கடற்படை அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

எனக்குப் பிடித்தது இவர்களுடைய செய்தித்தாள். 1937-ல், குடியேறிய கொஞ்ச நாளிலேயே தொடங்கியது. 'கிரீன்பெல்ட் நியூஸ் ரெவ்யூ' என்ற பெயரில் வாராவாரம் வீட்டு வாசலுக்கு இலவசமாக வருகிறது. எழுதுபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். காணாமல்போன பூனை, நகரமன்றத் தீர்மானம் எல்லாம் அடுத்தடுத்து. இந்தச் சிறு தாள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நிலவணிகர் ஒருவர் நகரமன்றத்தோடு பேரம் பேசியதை, கூட்டத்தில் சிலர் 'பிளாக்மெயில்' என்று கத்தினார்கள். கத்தியதை அப்படியே அச்சிட்டார்கள். அவர் அவதூறு வழக்குப் போட, கீழ் நீதிமன்றம் 17,500 டாலர் தரச் சொன்னது. 1970-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோபத்தில் சொன்ன வார்த்தையைக் குற்றச்சாட்டாக எந்த வாசகரும் எடுத்துக்கொள்ளமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்க இதழியல் மாணவர்கள் படிக்கும் வழக்கு.

ஆனால் இந்த நேசமெல்லாம் பழைய கிரீன்பெல்ட்டோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நெடுஞ்சாலைகள் ஊரை மூன்று துண்டாக்கியிருக்கின்றன. மேற்கே பிரம்மாண்டமான வாடகை அடுக்ககங்கள்; ஸ்பானிஷ் பேசுபவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் நிறைய. கிழக்கே தம்பி இருக்கும் பகுதி. அவனுக்கு நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் ஒப்பந்த வேலை. ஹபிள் தொலைநோக்கியை இயக்குவது அங்கிருந்துதான். "பழைய ஊர்க் கூட்டத்துக்கெல்லாம் போவியா?" என்று கேட்டேன். "எங்கக்கா நேரம்? சனி ஞாயிறானா கோயில்" என்றான். பக்கத்து ஊரான லேன்ஹாமில் சிவாவிஷ்ணு கோயில் இருக்கிறது. அங்கே கேன்டீனில் தோசைக்கு நின்றபோது காதில் விழுந்த தமிழ், வாஷிங்டன் முழுக்கச் சுற்றியும் கேட்காத அளவு.

போக நினைப்பவர்கள் ஞாயிறு பிற்பகலில் போங்கள். அந்த அருங்காட்சியக வீடு அப்போது திறந்திருந்தது, கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1938-ல் திறந்த பழைய திரையரங்கு கடைவீதியிலேயே இருக்கிறது. படம் பார்க்காவிட்டாலும் முகப்பைப் பாருங்கள். பழைய ஊருக்குப் பேருந்தும் காலும் போதும். லேன்ஹாமுக்கு மட்டும் கார் வைத்திருக்கும் உறவினர் யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.