ரூகர் மார்க் 2 ட்ரை ஃபயர்: காணாம போன ஒரு சின்ன பின்

மூணு வாரமா மண்டைய குடைஞ்சது நேத்து ராத்திரிதான் சரியாச்சு. இங்க டெக்சாஸ்ல புல்ஸ்ஐ (காகிதக் குறியில சுடுற பிஸ்டல் போட்டி) பழகலாம்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரூகர் மார்க் 2 பிஸ்டல் வாங்குனேன், சின்ன .22 தோட்டா போடுறதுதான். ரேஞ்சுக்கு வாரம் ஒரு தடவ போறதே பெரிய பாடு, அதனால தினமும் வீட்ல ட்ரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமலே ட்ரிகர இழுத்துப் பழகுறது. பத்து நாள் கழிச்சு ரேஞ்சுல பாத்தா தோட்டா சேம்பர்ல (பேரலோட பின்முனையில தோட்டா உக்கார்ற இடம்) முழுசா உக்கார மாட்டேங்குது, அழுத்தித் தள்ளுனாதான் போகுது. அழுக்குன்னு நினைச்சு பிரஷ் போட்டுத் தேய்ச்சேன், ம்ஹூம்.

டார்ச் அடிச்சு லென்ஸ் வெச்சுப் பாத்தா சேம்பர் வாய் விளிம்புல ஒரு குழி, அந்த இடத்து இரும்பு உள்பக்கமா பிதுங்கி நிக்குது. .22 மாதிரி ரிம்ஃபயர்ல ஃபயரிங் பின் (தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்கிற ஊசி) அடிக்கிறதே தோட்டாவோட விளிம்புலதான், தோட்டா இல்லன்னா அடி நேரா பேரல் மேல. ஆனா மார்க் 2-ல போல்ட்டுக்குள்ள (பேரலுக்குப் பின்னாடி முன்னும் பின்னும் நகர்ற இரும்புத் துண்டு) குறுக்க ஒரு ஸ்டாப் பின் இருக்கு, அது ஃபயரிங் பின்ன பேரல் வரைக்கும் போகவிடாம நிறுத்திடும், அது இருக்கிற வரைக்கும் ட்ரை ஃபயர் பண்ணலாம். போல்ட்ட வெளிய எடுத்துப் பாத்தேன், ஓட்டை காலி! முன்னாடி வெச்சிருந்தவர் கழட்டி மாட்டுனப்ப விட்டுட்டார் போல, எனக்கு வந்துச்சே கோபம். போல்ட் வெளிய இருக்கும்போது கொஞ்சம் சாய்ச்சாலே அந்தப் பின் நழுவி விழுந்துடும், தயவுசெஞ்சு வெள்ளைத் துணி விரிச்சு அது மேல வெச்சுக் கழட்டுங்க. நீங்களும் பழசு வாங்குனா முதல் வேலையா இந்தப் பின் இருக்கான்னு பாருங்க.

புதுப் பின் ஆன்லைன்ல வாங்குனேன், விலை ரொம்பக் கம்மி. பிதுங்குன இரும்பை அரத்தால ராவாதீங்க, சேம்பர் அயர்ன்னு ஒரு டூல் இருக்கு, அது பிதுங்குனதை பழைய இடத்துக்கே தள்ளி விடும். துளி எண்ணெய் விட்டு மெதுவா மூணு தடவ தள்ளி எடுத்தேன், இப்ப தோட்டா தானா வழுக்கிட்டு உள்ள போகுது. அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை சொல்லி மாளாது.

ஸ்டாப் பின் இருந்தாலும் இப்பல்லாம் சேம்பர்ல மஞ்சள் கலர் வால் ஆங்கர் ஒண்ணு வெச்சுதான் அடிக்கிறேன், ஹார்டுவேர் கடையில சுவத்துல ஸ்க்ரூ போட விப்பாங்களே அதேதான், 7/8 இன்ச் சைஸ். ஒவ்வொரு தடவையும் போல்ட்ட இழுத்தா அது தெறிச்சு சோபாவுக்கு அடியில போயிடும், பொறுமை வேணும். அடி வாங்கி விளிம்பு நசுங்குனதும் தூக்கிப் போட்டுடுவேன்.

தோட்டா எல்லாம் வேற ரூம்ல வெச்சுப் பூட்டிடுவேன். மேகசின எடுத்துட்டு சேம்பர கண்ணால பாத்து, சுண்டு விரல விட்டும் தொட்டுப் பாப்பேன். குறி எப்பவும் செங்கல் ஃபயர்ப்ளேஸ் பக்கம்தான், இங்க வீட்டுச் சுவரெல்லாம் அட்டை மாதிரி, தோட்டா நிக்காது. யாராவது கூப்பிட்டு நடுவுல எழுந்து போனா திரும்ப முதல்ல இருந்து செக் பண்ணுவேன்.

அடுத்து புல்ஸ்ஐல வர்ற ரேபிட் ஃபயர் பழகணும், 10 செகண்டுல 5 ஷாட். ஆனா ட்ரை ஃபயர்ல முதல் ஷாட் மட்டும்தான் பழக முடியும், ஒவ்வொண்ணுக்கும் போல்ட்ட இழுக்கணுமே. அதுக்குள்ள ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டுற குறி பாக்குற கருவி) மாட்டுற மவுண்ட் வேற தேடிட்டு இருக்கேன். சேம்பர் சரியாச்சான்னு சனிக்கிழமை 50 ரவுண்டு சுட்டுப் பாத்தாதான் உறுதியா தெரியும்.