ஹிஜியோரி, நவம்பர்

நவம்பர் 6

ஷின்ஜோ வரை ஷின்கான்சென் ரயில், அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் பஸ். கடைசியில் சட்டென்று ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து உண்டான பள்ளம். ஹிஜியோரி என்ற இந்த வெந்நீர் ஊற்று ஊர் மொத்தமும் அதற்குள்தான். குறுகலான ஒரு தெரு, இரண்டு பக்கமும் மர விடுதிகள், பின்னால் ஆறு.

மூன்றாவது மாடி, தெருப்பக்க அறை. சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும் இரண்டு கோடு காட்டுகிறது. தாழ்வான மேசையில் தேநீர்ச் சாமான், ஒரு இனிப்பு, ஒரு பெரிய பழுப்பு டேப் சுருள். டேப் எதற்கென்று தெரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

அக்காவுக்கு அறையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒற்றை டிக்.

நவம்பர் 7

டேப் பூச்சிக்காம். கமேமுஷி. சாம்பலும் பழுப்புமாக, நகம் அளவுக்கு, தட்டையாக இருக்கிறது. குளிர் தொடங்கியதும் வெயில் படும் சுவரிலெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டு, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்துவிடும். அடிக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. டேப்பின் ஒட்டும் பக்கத்தை அதன் முதுகில் மெதுவாக வைத்து, அப்படியே மடித்துவிட வேண்டும். விடுதிக்கார அம்மா செய்து காட்டினார். அவருக்கு இரண்டு கை இருக்கிறது.

ராத்திரி ஒன்றை நசுக்கியே விட்டேன். அறை முழுக்கக் கொத்தமல்லி வாசம். சத்தியமாக, ஆய்ந்து வைத்த பச்சைக் கொத்தமல்லிக் கட்டு. தேடிப் பார்த்தேன், இரண்டிலும் இருப்பது ஒரே வகை வேதிப்பொருள்தானாம், ஆல்டிஹைடு. காலையில் அந்த அம்மா உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார். எனக்குப் பசித்தது.

நவம்பர் 8

பதில் இல்லை. இங்கே பதினொன்று என்றால் அங்கே ஏழரை. எழுந்திருப்பாள்.

நவம்பர் 9

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வெந்நீரில் இறங்குகிறேன். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் தொட்டி. துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். உடுப்பில்லாமல் நிற்கும் கூச்சம் முதல் நாள் மட்டும்தான் இருந்தது. எல்லோருக்கும் எங்கேயோ ஒரு வலி. யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை.

பார்ப்பவர் ஒருவர் உண்டு. பக்கத்து அறைப் பாட்டி. ஷோனாய் சமவெளியில் நெல் விவசாயமாம், அறுவடை முடிந்ததும் வருஷா வருஷம் இங்கே வருவாராம். என் முழங்கைத் தழும்பைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் கேட்டார். சொன்னேன். உடனே தன் முழங்காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினார், செங்குத்தாக நீளமாக ஒரு கோடு. மூட்டு மாற்றினார்களாம். டோக்கியோவில் மூன்று மாதமாக எல்லோரும் என் கையைப் பார்க்காத மாதிரி இருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை.

தண்ணீருக்குள் கையை நீட்டினால் வெளியே போகிறதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. பிசியோ சொன்னது மாதிரி எண்ணிக்கொண்டே நீட்டினேன். பாட்டியும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

உடை மாற்றும் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள். சட்டப்படி எல்லா வெந்நீர் ஊற்றிலும் மாட்டியிருக்க வேண்டியது. சோடியம், குளோரைடு, பைகார்பனேட், எதற்கு நல்லது, யார் இறங்கக் கூடாது என்று வரிசையாக. 2014ல் திருத்தியபோது கர்ப்பிணிகள் கூடாது என்ற வரியை எடுத்துவிட்டார்கள். மிச்ச வரிகள் இருக்கின்றன. முழுவதும் படித்திருக்க வேண்டாம்.

நவம்பர் 10

நாள் முழுக்கத் தூக்கம். தலை கனக்கிறது, வாயில் ருசி இல்லை. காய்ச்சலோ என்று பயந்தேன். "வந்துடுச்சா?" என்று பாட்டிக்கு ஒரே சந்தோஷம். ஊறத் தொடங்கி மூன்றாம் நாள் நான்காம் நாள் இப்படித்தான் ஆகும், உள்ளே இருப்பதை வெந்நீர் கிளப்பிவிடுகிறது என்கிறார். அதிகமாக ஊறிவிட்டேன், அவ்வளவுதான் என்பது என் கட்சி. இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றே: இன்று தொட்டிப் பக்கம் போகாதே, படு.

படுத்தே கிடந்தேன். கூரையில் மூன்று பூச்சி. எட்டாது.

நவம்பர் 11

விடியற்காலையில் கீழே பேச்சுச் சத்தம். தெருவில் சந்தை. ஏப்ரல் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரைக்கும்தான். அப்புறம் பனி வந்துவிடும். சுற்று வட்டாரத்துப் பாட்டிகள் விடுதி வாசல்களில் குந்தி உட்கார்ந்து விற்கிறார்கள். நமேகோ காளான் (கொழகொழவென்று கையில் நிற்காது), சிவப்பு முள்ளங்கி ஊறுகாய், காய்ந்த பெர்சிமன். யுகாத்தா (மெல்லிய பருத்தி அங்கி) மேல் பஞ்சு வைத்த அங்கியை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். பாட்டி ஓடிவந்து என் யுகாத்தாவை அவிழ்த்து நடுத்தெருவில் மாற்றிக் கட்டிவிட்டார். வலப் பக்கம் மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்துகிற முறையாம். வேண்டாம் பாட்டி, இன்றைக்கு அதெல்லாம் சொல்லாதீர்கள்.

இந்த விடுதியில் சாப்பாடு இல்லை, அவரவர் சமையல். தாழ்வாரக் கடைசியில் பொதுச் சமையலறை. அடுப்பில் பத்து யென் காசு போட்டால் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடும், மறுபடி காசு. ரசம் நுரை கட்டும் நேரம் பார்த்து அணைந்தது. பாட்டி தன் பையிலிருந்து ஒரு காசு போட்டார். குடித்துப் பார்த்து நெற்றி வியர்க்க இருமினார், இன்னொரு கிண்ணம் கேட்டார். கொத்தமல்லி இல்லாத ரசம். சிரித்துக்கொண்டேன், காரணம் சொல்லவில்லை.

நவம்பர் 12

நீல டிக். பதில் இல்லை.

நவம்பர் 13

மழை. மாலை நாலு மணியிலிருந்து தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் சுமோ. நவம்பர் போட்டி ஃபுகுவோகாவில் பதினைந்து நாள் நடக்கும், பாட்டியின் குளியலும் சாப்பாடும் அதைச் சுற்றித்தான். ஆறு மணிக்கு முடிந்ததும் டிவி அணையும், கதவு சறுக்கும், தாழ்வாரம் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை வைத்து நானும் துண்டை எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 14

அக்கா பேசினாள். நாலு நிமிஷம். தன் டெஸ்ட் ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கை எப்படி, சாப்பிட்டாயா, குளிரா. நானே கேட்டேன். "அதெல்லாம் வரும்போது வரும், நீ ஒத்தைக் கையோட இங்க வந்து என்ன செய்யப் போற?" என்றாள். சரிதான். என்ன செய்யப் போகிறேன். ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு, சிக்னல் போய்விடாமல், மூச்சு விடாமல் நின்றேன். இத்தனை வருஷமாக எனக்குச் செய்ததையெல்லாம் செய்துவிட்டு இப்போது என்னை அண்ட விட மாட்டேன் என்றால் எப்படி?

கோபத்தில் பொதுக் குளியலுக்கு நடந்தேன். கி.பி. 807ல் ஊர்க் கதை தொடங்குகிறது. மலையில் வழி தவறிய ஒருவனுக்கு ஒரு முதிய துறவி தென்பட்டார். பாறையிலிருந்து விழுந்து முழங்கை ஒடிந்தது, இந்த நீரில் நனைத்துக் குணமானது என்றார். அவர் ஜிஸோ என்ற பௌத்தத் தெய்வம்தான் என்று முடிக்கிறார்கள். முழங்கை ஒடிந்த தெய்வம். எனக்குப் பொருத்தமானவர்தான், ஆனால் என் கைக்காக நான் எதுவும் கேட்கவில்லை. சூடு தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 15

மழையோடு பனித்துகளும் விழுந்தது, தரையில் நிற்கவில்லை. தெருவில் ஆண்கள் ஏணி போட்டு ஜன்னல்களுக்கு முன்னால் பலகை அடைக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் இங்கே 445 செ.மீ. பனி இருந்ததாம். என் அறை ஜன்னலுக்கும் பலகை வருமா என்று கேட்டேன். கீழ் மாடிக்குத்தானாம். நல்ல வேளை, எனக்கிருப்பது அந்த ஒரு ஜன்னல்.

பூச்சி மிகுந்த வருஷம் பனியும் மிகும் என்கிறார் விடுதிக்கார அம்மா. நான் டேப்பை விட்டுவிட்டேன். திரைச்சீலை மடிப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 16

பாட்டியின் கணக்கில் ஏழு நாள் ஒரு சுற்று, மூன்று சுற்று ஊறினால்தான் முழுக் குளியல். முந்தைய காலத்திலிருந்தே அப்படியாம். நான் கட்டியிருப்பது பன்னிரண்டு ராத்திரிக்கு. இரண்டு சுற்றுகூட உருப்படியாக இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கை இன்று தோள் உயரத்தில் ஏறத்தாழ நேராக நின்றது. பாட்டி கை தட்டினார். அக்காவுக்கு வீடியோ எடுத்தேன், அனுப்பவில்லை. இப்போதைக்கு இது ஒரு செய்தியா.

நவம்பர் 17

மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். அவளுடைய திசு ஸ்லைடைச் சென்னையில் இன்னொரு லேபுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "சந்தேகம்னா நல்லதுதானேடி, இல்லன்னா உடனே சொல்லியிருப்பாங்கல்ல?" என்று என்னிடம் கேட்கிறாள். ஆமாம் என்றேன். இன்னும் ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகலாம்.

வீடியோவை அனுப்பினேன். உடனே பதில்: "கை வளைஞ்சே இருக்கு, இன்னும் நீட்டு."

கீழே போய் இன்னொரு வாரம் தங்கலாமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் இந்த அறை நாளை முதல் வேறொருவருக்கு. பின்பக்கம், சமையலறைக்கு மேலே இருப்பதைத் தருகிறார்களாம். போனைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அறையில் நான்கு மூலையிலும் நின்று பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு வருகிறது. ஆபீசுக்கு மெயில் எழுத வேண்டும். பெட்டி கட்ட வேண்டும். பாட்டி சுமோ முடிந்ததும் வந்து தூக்கித் தருகிறேன் என்கிறார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு