சீட்டில் எழுத முடியாத சொல்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மருத்துவராக இருந்தேன். அங்கே ‘பர்ன் அவுட்’, அதாவது வேலைப்பளுவில் உடம்பும் மனசும் ஓய்ந்துபோவது, என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாம் மாடியில் ஏசி அறையில் இருந்தவர்கள். லைனில் நிற்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. “தூக்கமே இல்ல சார்”, “நெஞ்சு படபடங்குது”, “ஒரு நாள் லீவுக்குச் சீட்டு குடுங்க”, அவ்வளவுதான்.

எனக்கும் அந்தச் சொல்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒருமுறை தர ஆய்வுப் பிரிவு இளைஞர் ஒருவர், உடம்பு அசதி, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வந்தார். நானும் ‘பர்ன் அவுட்தான், ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வா’ என்று அனுப்பினேன். போன மாதிரியே திரும்பி வந்தார். வெளியே வேறொரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு. வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, முக்கியமாக மனச்சோர்வு, இதெல்லாம் பார்க்காமல் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.

சட்டப்படியும் அதற்கு இடமில்லை. அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையில், தூசியால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸ் இருந்தது, இரைச்சலால் காது மந்தமாவது இருந்தது, இது இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலிலும் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறார்கள். சீட்டில் என்னவென்று எழுதுவது?

அப்புறம் ஒரு மாதம், ஒரே பிரிவின் நைட் ஷிப்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு பிபி, ஒருவருக்கு நெஞ்செரிச்சல், ஒருவருக்குத் தூக்கமின்மை, ஒருவருக்கு விரலில் வெட்டு. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று மாத்திரை, ஒரு தையல். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நான்கு பேருக்குக் காது மந்தமானால் சொட்டு மருந்து கொடுத்தா அனுப்புவேன்? இரைச்சல் அளக்கும் கருவியோடு அங்கேதானே போவேன்! இதற்குக் கருவி இல்லை. ஷிப்ட் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் மாதக்கணக்காகியும் ஆள் போடவில்லை. மிச்சமிருந்தவர்கள் வார விடுமுறையையும் விட்டு இரட்டை ஷிப்டாக ஓவர்டைம் (ஓ.டி.) பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘ஓ.டி. பணத்துக்காக அவங்களே கேட்டு வாங்குறாங்க’ என்றார் சூப்பர்வைசர். அதிலும் உண்மை உண்டு.

நிர்வாகத்துக்கு எழுதிய குறிப்பில் ‘இந்தப் பிரிவில் பர்ன் அவுட்’ என்றே போட்டேன். ஆளின் பெயருக்கு எதிரே எழுதாமல் இடத்தின் பெயருக்கு எதிரே எழுதியபோது அந்தச் சொல் உறுத்தவில்லை. மாடியில் இருப்பவர்களுக்குப் பழகிய சொல் என்பதும் ஒரு வசதி. மூன்று வாரத்தில் இரண்டு ஆள் வந்தார்கள். தூக்கமில்லாதவர் தூங்க ஆரம்பித்தார். பிபிகாரர் இன்னும் மாத்திரையில்தான். அவருடைய அப்பாவுக்கும் பிபி.

விரலில் தையல் போட்டவர் மட்டும் கேன்டீனில் என்னை நிறுத்தினார். “உங்களால என் ஓ.டி. போச்சு சார்.”