பூஜ்ஜியப் புள்ளி ஆற்றலைப் படிக்க ஐசோடோப்பிலிருந்து தொடங்குங்கள்

முதுநிலை இயற்பியல் படித்தபோதும், அதன்பின் நெட் தேர்வுக்கும் ஆராய்ச்சி நேர்காணலுக்கும் தயாரானபோதும் எனக்கு மிகவும் கைகொடுத்த வழி, பொருள்களிலும் மூலக்கூறுகளிலும் குவாண்டம் ஏற்றஇறக்கங்கள் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் அதை முதலில் ஐசோடோப்புக் கேள்வியாக, அதாவது ‘அணுக்கருவின் நிறையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?’ என்று மாற்றிக்கொள்வதே. எலக்ட்ரான்களின் இயக்கத்தையும் கனமான அணுக்கருக்களின் இயக்கத்தையும் பிரித்துக் கணக்கிடும் போர்ன்–ஓப்பன்ஹைமர் தோராயத்தில் அணுக்கருவின் நிறை மாறினாலும் நிலையாற்றல் வளைவு மாறுவதில்லை. செவ்வியல் இயற்பியலின்படி உருகுநிலை போன்ற சமநிலைப் பண்புகளும் நிறையைச் சார்ந்தவையல்ல. ஆகவே 0 டிகிரி செல்சியஸில் உறையும் நீருக்குப் பதிலாகக் கன நீரை வைத்தால் அது 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது என்றால், அந்த வேறுபாடு அணுக்கருக்களின் குவாண்டம் விளைவு என்று துணிந்து எழுதலாம்.

பயிற்சியை ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து தொடங்குங்கள். அதன் பூஜ்ஜியப் புள்ளி ஆற்றல், அதாவது மிகக் குறைந்த ஆற்றலுள்ள அடிநிலையிலும் எஞ்சியிருக்கும் அதிர்வு ஆற்றல், ஏறத்தாழ 0.27 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனின் கன ஐசோடோப்பான டியூட்டிரியத்தின் மூலக்கூறில் நிறை இரட்டிப்பாவதால் அது இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபட்டு 0.19 ஆகிறது. மூலக்கூறை இரு அணுக்களாகப் பிரிக்கத் தேவையான, அளந்தறிந்த பிரிகை ஆற்றல்களோ முறையே 4.48, 4.56 எலக்ட்ரான் வோல்ட். இரண்டிலும் வேறுபாடு அதே 0.08 என்பதை நீங்களே ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டால், எத்தனை பக்க விளக்கத்தாலும் வராத தெளிவு வரும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: அடிநிலை என்பது காலத்தோடு மாறாத நிலை. அணு அங்கே ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பதாகப் படம் வரைந்துகொள்ள வேண்டாம். அளந்தால் கிடைக்கும் இருப்பிடங்களின் பரவலைத்தான் ஏற்றஇறக்கம் என்கிறோம். வெற்றிடத்திலிருந்து ஆற்றலைக் கடன் வாங்குவதாகச் சொல்லும் காணொளி விளக்கங்களால் தேர்வில் பயனில்லை.

அடுத்ததாக, அதிர்வின் ஆற்றல் குவாண்டத்தை வெப்ப ஆற்றலோடு ஒப்பிடும் பழக்கம் வேண்டும். 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் அலையெண் அலகில் சுமார் 208 செ.மீ.⁻¹ என்ற ஒரே எண்ணை மனப்பாடம் செய்தால் போதும். கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி அதிர்வு ஏறத்தாழ 2900. டியூட்டிரியம் இருந்தால், இரு அணுக்களின் நிறைகளையும் சேர்த்துப் பெறும் சுருக்க நிறையை (reduced mass) கணக்கிட்டு, 2130. பூஜ்ஜியப் புள்ளி ஆற்றல் குவாண்டத்தில் பாதி என்பதால், வேறுபாட்டில் பாதி 385; அதை 208 ஆல் வகுத்தால் 1.85, அதன் அடுக்குக்குறி மதிப்பு (e-இன் 1.85 அடுக்கு) ஆறுக்குச் சற்று மேல். பிணைப்பு உடையும் வினைகளில் ஹைட்ரஜன் ஆறேழு மடங்கு வேகமாக வினைபுரிவதற்கு இதுவே காரணம். சோயாபீன்ஸிலுள்ள லிபாக்சிஜினேஸ் நொதியில் இந்த விகிதம் ஏறத்தாழ 80 என்று வரும்போது, பூஜ்ஜியப் புள்ளி ஆற்றல் மட்டும் போதாது, ஆற்றல் தடையை ஏறிக் கடக்காமல் துகள் ஊடுருவிச் செல்லும் டன்னலிங்கையும் சேர்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

ஹீலியத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறையாது. சுமார் 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் திண்மமாகும். ‘எடை குறைவு, அதனால் உறையவில்லை’ என்று எழுதி நிறுத்தினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனெனில் ஹீலியத்தைவிட இலேசான ஹைட்ரஜன் மூலக்கூறு 14 கெல்வினில் உறைந்துவிடுகிறது. நிறையோடு ஈர்ப்பின் வலிமையையும் அணுவின் அளவையும் ஒரே எண்ணில் சேர்க்கும் டி போயர் அளவுருவை எடுத்துக்கொள்ளுங்கள்; அது பெரிதாக இருந்தால் குவாண்டம் விளைவு வலுவானது: ஹீலியத்துக்கு 2.7, ஹைட்ரஜனுக்கு 1.7, நியானுக்கு 0.6. ஹீலியத்தின் ஈர்ப்பு மிகவும் பலவீனமானது என்பதே விடையின் மறுபாதி.

திண்மங்களுக்கு ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் ஒன்று போதும். குளிரக் குளிர அதன் மின்காப்பு மாறிலி ஏறிக்கொண்டே போய், ஃபெரோஎலெக்ட்ரிக் நிலைக்கு (வெளி மின்புலமின்றியே மின்முனைகள் ஒரே திசையில் ஒழுங்காகும் நிலைக்கு) மாறும் முன்பே சில கெல்வினில் தேங்கிவிடுகிறது. குவாண்டம் ஏற்றஇறக்கங்கள் அந்த ஒழுங்கைத் தடுக்கின்றன என்று முல்லரும் பர்கார்டும் 1979-இல் விளக்கினர். ஆக்சிஜன்-16 ஐ எடுத்துவிட்டு ஆக்சிஜன்-18 ஐ நிரப்பினால் சுமார் 23 கெல்வினில் அது ஃபெரோஎலெக்ட்ரிக் ஆகிவிடுகிறது என்பது 1999-இல் தெரியவந்தது. ஹைட்ரஜனைப் போல இரட்டிப்பாகாமல் எட்டில் ஒரு பங்கு மட்டுமே நிறை கூடியும் நிலையே மாறுவதால், இந்தப் பொருள் மாறுநிலையின் விளிம்பில் நிற்கிறது என்று சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.

கணினி உருவகப்படுத்தலில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் ஃபெய்ன்மனின் பாதைத் தொகையீட்டு முறையை இதே எண்களைக் கொண்டு அணுகலாம். அதில் ஒவ்வொரு அணுவும் சுருள்வில்லால் கோத்த மணிகளின் வளையமாகிறது. எத்தனை மணிகள் வேண்டும் என்று கேட்டால், நீரில் மிக வேகமான அதிர்வு ஏறத்தாழ 3500 என்று எடுத்து 208 ஆல் வகுத்து, 17-ஐவிட நன்றாகவே கூடுதலாக வேண்டும் என்றும், அதனால்தான் அறை வெப்பநிலையில் 32 மணிகள் வழக்கமென்றும் சொல்லுங்கள். வெப்பநிலை பாதியானால் மணிகள் இரட்டிப்பாகும். கணக்கிடும் செலவும் அதோடு ஏறும்.